முதலில் பிராது, பிறகு பகடை

போன சனிக்கிழமை ராத்திரி ஓசூரில் நாலு பேர் உட்கார்ந்து ரோல்பிளேயிங் கேம் ஆடினோம். கதை நடப்பதும் ஓசூரில்தான். சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து வரும் மந்திரவாதிகளை ஜூஜூவாடியில் நகரத்தின் மாய நிர்வாகம் மறிக்கிறது. "என்ன பண்ணப் போறீங்க?" என்றார் கேம் மாஸ்டர். மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம்: "அடிச்சுடலாம்." பகடை உருண்டது. பத்து நிமிஷத்தில் நிர்வாகம் காலி. கதையும் காலி.

1991இல் வந்த ‘வேம்பயர்: தி மாஸ்கரேட்’டில் நகரத்துக்கு ஒரு பிரின்ஸ், அவர் வைத்ததே சட்டம். 2010இல் வந்த ‘டிரெஸ்டன் ஃபைல்ஸ்’ விளையாட்டில் மந்திரத்துக்கு ஏழு விதிகள். மீறினால் வார்டன்கள் வாளோடு வருவார்கள். இரண்டிலுமே பேரம் பேசவும் கடன்படவும் இடம் உண்டு. ஆனால் நம் மேசைக்கு வந்ததும் அந்த அதிகாரம் கோட்டு போட்ட வில்லனாகச் சுருங்கிவிடுகிறது. ஒன்று பணிய வேண்டும், இல்லையென்றால் போட்டுத்தள்ள வேண்டும்.

நம் மண்ணில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. விருத்தாசலம் பக்கம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் சாமியிடம் ‘பிராது’ கொடுக்கிறார்கள். பெயர், ஊர், குறை எல்லாம் தாளில் எழுதி, சாமி முன் வைத்து, முனியப்பர் சன்னிதியில் கட்டுகிறார்கள். ஊரிலிருந்து கோயில் எத்தனை கிலோமீட்டரோ அதற்கும் ஒரு கட்டணம். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு கிடைக்கும் என்பது நம்பிக்கை. குறை தீர்ந்தால் திரும்ப வந்து ‘ராஜினாமா’ செய்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். கவனியுங்கள், இது வெறும் வேண்டுதல் இல்லை, வழக்கு. சாமிக்கே கெடு வைக்கிறார்கள்.

"ஆபீஸ்லதான் நாள் முழுக்க டிக்கெட் போடுறோம், விளையாட்டுலயும் ஃபார்ம் நிரப்பணுமா?" என்றான் நண்பன். நியாயமான கேள்விதான். ஆனால் கெடு என்பது கதைக்குள் ஓடும் கடிகாரம். அத்திப்பள்ளிப் பக்கத்துத் தெய்வம் ‘இது என் எல்லை இல்லை’ என்று கைவிரித்தால் அங்கே நாடகம் தொடங்குகிறது. சாட்சிக்கு யார் வருவார்? எதிராளியும் பிராது கொடுத்திருந்தால்? எதை விட்டுக்கொடுத்து ராஜினாமா செய்வது? பகடை போட இடம் ஏராளம்.

என் கோபம் விளையாட்டோடு நிற்கவில்லை. லேபர் ஆபீஸ் படியேறும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு நெருப்பு உருண்டை வீசும் மந்திரம் தெரியாது. மனு, சாட்சி, கூட வர நாலு பேர், விடாமல் போய் நிற்கும் பிடிவாதம், இவ்வளவுதான் அவர் கையில். இதைச் சப்பை என்று ஒதுக்கும் கற்பனை, பலமில்லாதவர்கள் அதிகாரத்தோடு மல்லுக்கட்டும் முறையையே சப்பை என்கிறது. பிராதுக்குப் பதில் வராமலும் போகலாம். அப்போது அடியுங்கள், அந்த அடிக்கு ஒரு காரணம் இருக்கும்.

கேம் மாஸ்டர்களே, உங்கள் மாய அதிகாரிக்கு ஹிட் பாயிண்ட் எழுதும் முன்னால் ஒரு வரி எழுதுங்கள்: அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்?