எஞ்சின் சும்மா நிற்காது

காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கும் எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். எங்காவது ஒரு சிறு விமானம் வயலில் விழுந்தது என்று பேப்பரில் வந்தால் போதும், காந்தி சிலையை எட்டுவதற்குள் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஒருவர் "எஞ்சின் கோளாறு" என்பார். இன்னொருவர் "அதெல்லாம் இல்லை சார், பைலட் சரியில்லை" என்பார். இந்த இரண்டுமே பதில் இல்லை என்பது என் கட்சி.

நான் பிரெஞ்சில் படித்தவன். வண்டி பழுதாகி நின்றால் பிரெஞ்சில் 'பான்' என்பார்கள். பெட்ரோல் தீர்ந்து நின்றால் அதற்குத் தனிப் பெயர் உண்டு, 'பான் சேஷ்'. வறண்டு நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் நின்றது என்பது பெயரிலேயே இருக்கிறது. நாமோ எல்லாவற்றையும் 'கோளாறு' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். செந்த்-எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' கதையில் எஞ்சினில் ஏதோ உடைந்து விமானி சகாராவில் இறங்குகிறார். எது உடைந்தது என்று அவர் சொல்வதில்லை. கதைக்கு அது போதும். விசாரணைக்குப் போதாது.

சிறு விமானத்தின் எஞ்சினில் மாயம் ஒன்றும் இல்லை. பெட்ரோல், காற்று, தீப்பொறி மூன்றும் வந்தால் ஓடும். தீப்பொறிக்கு இரண்டு மேக்னெட்டோ, சிலிண்டருக்கு இரண்டு பிளக். பாட்டரி செத்தாலும் இவை வேலை செய்யும். எனவே எஞ்சின் திடீரென்று நின்றால் முதல் கேள்வி பெட்ரோலைப் பற்றித்தான். டாங்கியில் இருக்கிறதா? இருந்தும் வரவில்லையா? டாங்கிக்குக் காற்று போகும் சிறு குழாயில் குளவி கூடு கட்டினாலே பெட்ரோல் சரியாக இறங்காது. ஸ்கூட்டரின் பெட்ரோல் மூடி ஓட்டை அடைத்து நடுரோட்டில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சில விமானங்களில் இடது டாங்கி, வலது டாங்கி என்று விமானியே திருகி மாற்ற வேண்டும். மறந்தால் ஒரு டாங்கி நிறைய இருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும்.

அடுத்தது காற்று. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது குளிர்ச்சி உண்டாகும். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் வெளியே 20 டிகிரி இருக்கும் நாளில்கூட உள்ளே பனிக்கட்டி பிடித்து வழியை அடைக்கும். அதற்கென்று சூடான காற்றை உள்ளே விடும் பிடி உண்டு. அதை இழுத்ததும் உருகிய தண்ணீர் எஞ்சினுக்குள் போய் அது இன்னும் மோசமாக இருமும். பயந்துபோய் பிடியை மூடிவிட்டால் கதை முடிந்தது. விழுந்த பிறகு பனி உருகிவிடும். கழற்றிப் பார்ப்பவருக்கு எஞ்சின் சுத்தமாக இருக்கும். உடனே "பைலட் தப்பு" என்று ஊர் பேசும்.

இப்போது ஒரு நிஜ வழக்கு. பாடகர் ஜான் டென்வரை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில் தம் லாங்-ஈசி விமானத்தோடு விழுந்து இறந்தார். வயது 53. எஞ்சின் சத்தம் குறைந்ததைக் கரையில் இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். பெட்ரோல் நிரப்பாமல் கிளம்பியது அவர் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் டாங்கி மாற்றும் திருகு எங்கே இருந்தது தெரியுமா? வடிவமைத்தவர் விமானியின் கால்களுக்கு நடுவே வைத்திருந்தார். அந்த விமானத்தைக் கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எந்தப் பக்கம் எந்த டாங்கி என்ற குறியும் இல்லை. கிளம்புமுன்பே திருகு இறுக்கமாக இருக்கிறது, எட்டவில்லை என்று பேசி, குறடு மாட்டிப் பார்த்திருக்கிறார்கள், பலிக்கவில்லை. அதைத் திருக உடம்பைப் பின்னால் திருப்பும்போது கால் வலது ரட்டரை அழுத்தியிருக்கும் என்பது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு. காரணம் என்று விமானியை முதலில் எழுதினார்கள். திருகை வைத்த இடத்தைத் துணைக் காரணங்களில் சேர்த்தார்கள். நானாக இருந்தால் வரிசையை மாற்றியிருப்பேன். நம் பழைய ஸ்கூட்டரில் ரிசர்வ் திருகு பார்க்காமலே கைக்கு எட்டும். ஓட்டுபவன் தப்பு செய்வான் என்று எதிர்பார்த்து வைத்த திருகு அது.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். கோபம் என்மீதுதான். 1970களின் கடைசியில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தின் ஜீப், அதிகாரியோடு நடுவழியில் நின்றது. டிரைவர் பராமரிப்பில் அலட்சியம் என்று மெமோ. வரைவு எழுதியது என் கை. ஒரு இன்கிரிமென்ட் போயிற்று. இரண்டு மாதம் கழித்து மெக்கானிக் டாங்கியிலிருந்து பாட்டிலில் பெட்ரோல் பிடித்துக் காட்டினார். அடியில் இரண்டு விரல் தண்ணீர். எங்கள் பீப்பாயில் மழைநீர் இறங்கியிருந்தது. பறப்பதற்கு முன் ஒவ்வொரு விமானியும் டாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் பிடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். அந்தச் சோதனை எங்களுக்கு ஐந்து நிமிட வேலை. யாரும் செய்யவில்லை. தெரிந்த பிறகும் "முடிந்த கோப்பை ஏன் பிரிக்க வேண்டும்" என்றார்கள். நானும் பிரிக்கவில்லை. அந்த அண்ணன் அடுத்த நாளும் எனக்கு வணக்கம் சொன்னார்.

எஞ்சின் நின்றால் விமானி செய்ய வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்ற வேண்டும். செஸ்னா 172 என்றால் சுமார் 65 நாட். இறங்க இடம் பார்க்க வேண்டும். பிறகு டாங்கி, சூட்டுப் பிடி, கலவை, மேக்னெட்டோ என்று ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். ரேடியோவில் பேசுவது அதற்கப்புறம்தான். கீழே நிற்கிற நமக்கு அவ்வளவு அவசரம் இல்லை. ஆனாலும் நாம் பேச்சிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம்.

நாளைக் காலை யாராவது "பைலட் தப்பு சார்" என்றால் நான் ஒன்றே ஒன்று கேட்கப்போகிறேன்: பாட்டிலில் பிடித்துப் பார்த்தீர்களா?