பேப்பர் முதலாளி யார் பக்கம்?



"நம்ம போராட்டம் ஏன் பேப்பரில் வரவில்லை?" என்று தோட்டத் தலைவர்மார் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறார்கள். நிருபரைத் திட்டிப் பயனில்லை. அவரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர். முதலாளியைப் பாருங்கள்.

கனடாவில் ரோய் தொம்சன் என்றொருவர் இருந்தார். டொரன்டோவில் முடிதிருத்தும் தொழிலாளியின் மகன். ஒன்டாரியோவின் வடபகுதியில் ரேடியோப் பெட்டி விற்றார். கேட்க நிலையம் இல்லாத ஊரில் பெட்டியை யார் வாங்குவார்? 1931இல் நோர்த் பே நகரில் தானே ஒரு நிலையம் தொடங்கினார். 1934இல், தங்கச் சுரங்கத் தொழிலாளர் நிறைந்த டிமின்ஸ் ஊரில், 200 டொலர் முன்பணம் கொடுத்து ஒரு பத்திரிகையை வாங்கினார். மீதி தவணையில். கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் சுரங்கத்துக்குள் இறங்குபவனின் குறையைச் சொல்லவா வாங்கினார்? விளம்பரம் விற்க வாங்கினார். பிறகு ஊருக்கு ஊர் பத்திரிகை. 1953இல் 'ஸ்கொட்ஸ்மன்'. 1957இல் ஸ்கொட்லாந்தில் தொலைக்காட்சி. அது சொந்தமாக நோட்டு அடிக்கக் கிடைத்த லைசன்ஸ் மாதிரி என்று அவரே சொன்னார்! 1964இல் பிரபுப் பட்டமும் கிடைத்தது.

இந்தப் பிரபுவின் 'ஒஷாவா டைம்ஸ்' ஊழியர்கள் 1966 ஆரம்பத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறியலைக் கட்டுப்படுத்த நீதிமன்றத் தடையுத்தரவு வந்தது. செய்தி எழுதுகிறவனுக்கே அந்தக் கதி. அப்போது அந்த ஊர் கார்த் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் வந்து வாசலில் நின்றார்கள். தடையுத்தரவு செல்லாக்காசானது. பேப்பர்க்காரனுக்கும் கார்த் தொழிலாளிக்கும் என்ன உறவு? சங்க உறவுதான். அதே ஆண்டில்தான் தொம்சன் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு விலை பேசினார்.

நம் நாட்டில் மட்டும் வேறா? கம்பனி நட்டக்கணக்குச் சொன்னால் கொட்டை எழுத்து. கிலோ குறைவென்று நமக்கு அரைப்பேர் போட்டால் ஒரு வரி உண்டா?

கோ. நடேசய்யரும் பத்திரிகை நடத்தியவர்தான். 1920களில் அவருடைய 'தேசபக்தன்' துரைமாரை எதிர்த்து எழுதியது. 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கமும் கட்டினார். அவருக்கு யாரும் பிரபுப் பட்டம் கொடுக்கவில்லை.

நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தத் தாளுக்கு விளம்பரக்காரர் கிடையாது. உங்கள் சந்தாதான். ஆகவே அரைப்பேர் விழுந்த நாள், தராசில் நின்ற கிலோ, துண்டில் எழுதிய கிலோ மூன்றையும் எழுதி, தலைவரிடம் கையொப்பம் வாங்கி அனுப்புங்கள். அடுத்த இதழில் அச்சிடுகிறோம்.