பேரன் சொந்தம்தான்... ஆதாரம் எங்கே?

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இரவு 10 மணிக்கு மேல் போய் நின்று பார்த்தால் தெரியும். சிங்கப்பூர், துபாய், தோகா விமானங்களுக்கு வரிசை நீண்டு கிடக்கும். அந்த வரிசையில் அப்பா, அம்மா இல்லாமல் ஒரு குழந்தை நிற்கும். ஒரு கையைத் தாத்தா பிடித்திருப்பார். இன்னொரு கை பாட்டியின் முந்தானையில்!

பிரசவ லீவு முடிந்ததும் குழந்தையை ஊரில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிய மகள். இப்போது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்துவிட்டது. "அம்மா, எங்களுக்கு லீவு கிடைக்கல. நீயும் அப்பாவும் கூட்டிட்டு வந்துடுங்க. டிக்கெட் போட்டாச்சு" என்று போன் வருகிறது. சென்னையில் பல வீடுகளில் நடக்கும் சங்கதி இது.

டிக்கெட் போட்டாச்சு, சரி. மற்றது?

கவுண்டரில் கேட்பது ஒரே கேள்விதான். "குழந்தைக்கு நீங்க என்ன வேணும்?"

"என் பேரன் சார்!"

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

தாத்தா திகைத்துப் போவார். பாட்டிக்குக் கோபம் வரும். "பொறந்த நாள்லேர்ந்து நான்தான் வளர்க்கிறேன். என்கிட்டயே ஆதாரமா?" பாட்டியின் கோபம் நியாயம். ஆனால் அந்தக் கேள்வியும் நியாயம்தான்.

ஏன் கேட்கிறார்கள்?

குழந்தை கடத்தல் என்றால் முகமூடி போட்ட ஆசாமி என்று நினைக்கக் கூடாது. கணவன்–மனைவி தகராறில் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் குழந்தையை நாடு கடத்திவிடுவதும் உண்டு. அதற்குப் பெரியவர்களையே துணையாக அனுப்புவதும் உண்டு. குடும்பநலக் கோர்ட்டு வாசலில் நிற்பவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அப்படிக் கொண்டுபோன குழந்தையைத் திரும்ப ஒப்படைப்பதற்காக நாடுகள் சேர்ந்து 1980–ல் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தியா அதில் சேரவில்லை. எல்லை தாண்டிய குழந்தையை மீட்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதனால்தான் தாண்டுவதற்கு முன்பே கேட்கிறார்கள்.

பெயரில் ஒரு வில்லங்கம்

தமிழர்களுக்கு மட்டும் இதில் இன்னொரு தலைவலி உண்டு. அது இனிஷியல்!

தாத்தா எம். ராமசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் ஆர். குமார். பேரன் கே. அருண். இதையே பாஸ்போர்ட்டில் விரித்து எழுதினால் தாத்தா ராமசாமி முத்தையா. மகன் குமார் ராமசாமி. பேரன் அருண் குமார். மூன்று தலைமுறைக்கு மூன்று கடைசிப் பெயர்! நம்மூர் அதிகாரிக்கு இது புரியும். பிராங்பர்ட்டில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரருக்கு எப்படிப் புரியும்? அவர் நாட்டில் அப்பா வழித் தாத்தாவுக்கும் பேரனுக்கும் பெரும்பாலும் ஒரே குடும்பப் பெயர். இங்கே ஆணிவேர் ஒன்று, பெயர்ப்பலகை மூன்று. அவர் சந்தேகப்பட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இதற்கு வழி வீட்டுப் பீரோவிலேயே இருக்கிறது. இப்போது பலர் கையில் உள்ள இந்திய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா, அம்மா பெயர் அச்சாகியிருக்கும். பேரனின் பாஸ்போர்ட்டில் மகள் பெயர் இருக்கிறது. மகளின் பாஸ்போர்ட்டில் தாத்தா, பாட்டி பெயர் இருக்கிறது. மகளின் பாஸ்போர்ட் நகல் ஒன்றை எடுத்து இரண்டுக்கும் நடுவில் வைத்தால் சங்கிலி சேர்ந்துவிடும். யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதே இல்லை. கூடவே குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். மூன்றிலும் எழுத்து ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். ஒன்றில் "ஹெச்" சேர்ந்து, இன்னொன்றில் சேராமல் இருந்தால் அங்கேயும் ஒரு இழுபறி.

அமெரிக்காவில் பிறந்த குழந்தையா? அமெரிக்க பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயரே இருக்காது. அப்போது பிறப்புச் சான்றிதழ்தான் உயிர்நாடி. அதுபோக அந்தக் குழந்தை இந்தியாவுக்கு வர விசாவோ ஓ.சி.ஐ. அட்டையோ வேண்டும். "தாத்தா வீட்டுக்கு வர விசாவா?" என்று கேட்டால் சட்டம் கேட்காது.

குழந்தைகளுக்கான இந்திய பாஸ்போர்ட் 5 ஆண்டுதான் செல்லும். கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படம், இப்போது நாலு வயது வாண்டு. படத்துக்கும் முகத்துக்கும் சம்பந்தமே இருக்காது. முடிவு தேதியை டிக்கெட் போடும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

அம்மா மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது

அடுத்தது சம்மதக் கடிதம். அமெரிக்காவும் கனடாவும், பெற்றோர் இல்லாமல் வரும் குழந்தையிடம் இந்தக் கடிதம் இருப்பது நல்லது என்று வெளிப்படையாகவே சொல்லி வைத்திருக்கின்றன. எல்லா நாட்டிலும் எல்லா நாளும் கேட்பார்கள் என்பதில்லை. பத்து பேர் கேட்காமல் விடுவார்கள். பதினோராவது ஆள் கேட்பார். அன்று நம்மவர் கையில் இருக்காது!

கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அப்பா, அம்மா இருவருமே கையெழுத்துப் போட வேண்டும். குழந்தை பெயர், பிறந்த தேதி, கூட்டிப் போகும் தாத்தா, பாட்டியின் பெயர், பாஸ்போர்ட் எண்கள், போகும் நாள், திரும்பும் நாள், தங்கும் முகவரி, பெற்றோரின் போன் நம்பர் எல்லாம் அதில் வர வேண்டும். நோட்டரி வக்கீலிடம் முத்திரை வாங்கிக்கொண்டால் மதிப்பு கூடும். பெற்றோர் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள நோட்டரியிடமோ இந்தியத் தூதரகத்திலோ சான்று வாங்கலாம்.

பெற்றோரில் ஒருவர் காலமாகி இருந்தால் இறப்புச் சான்றிதழ், விவாகரத்து ஆகியிருந்தால் குழந்தை யார் பொறுப்பில் என்ற கோர்ட்டு உத்தரவு. இவற்றின் நகலையும் சேர்க்க வேண்டும். சங்கடமான விஷயம்தான். கவுண்டரில் நாலு பேர் முன்னால் பாட்டி கண்ணீரோடு விளக்குவதைவிட ஒரு காகிதம் பேசட்டும்.

அதே கடிதத்தில், "அவசரம் என்றால் வைத்தியத்துக்குச் சம்மதிக்கும் அதிகாரம் இவர்களுக்கு உண்டு" என்று ஒரு வரியும் வேண்டும். நடுவழியில், முன்பின் தெரியாத ஊரில் குழந்தைக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வது? ஆஸ்பத்திரியில் பெற்றோர் கையெழுத்துக் கேட்பார்கள். அப்பா, அம்மா தூக்கத்தில் இருப்பார்கள்.

"எல்லாம் வாட்ஸ்–அப்ல அனுப்பிட்டேன்" என்று மகன் சொல்வார். தாத்தா போனில் சார்ஜ் இருக்காது. அல்லது "குட் மார்னிங்" படங்களுக்கு நடுவே கடிதம் புதைந்து கிடக்கும். தாளில் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பாட்டியின் கைப்பையில் வைக்க வேண்டும். பெட்டியில் வைத்தால் அது விமானத்தின் வயிற்றுக்குள் போய்விடும்!

டிக்கெட்டிலும் கவனம் வேண்டும். குழந்தையும் பெரியவர்களும் ஒரே புக்கிங்கில் இருக்க வேண்டும். இரண்டு வயது வரை மடியில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு முடிந்துவிட்டால் தனி சீட்டு. போகும்போது ஒன்றே முக்கால், திரும்பும்போது இரண்டு தாண்டிவிட்டது என்றால் திரும்பும் பயணத்துக்குத் தனி சீட்டு வாங்கியே தீர வேண்டும். டெல்லி, மும்பை என்று உள்நாட்டுக்குள் போனாலும் மடிக்குழந்தைக்கு வயதுச் சான்று கேட்பார்கள்.

பெரியவர்களைக் கவனித்தது யார்?

குழந்தைக்கு டயாபர், பால் பவுடர், பொம்மை என்று மகள் பட்டியல் அனுப்புகிறார். பாட்டியின் சர்க்கரை மாத்திரையைப் பற்றி அதில் ஒரு வரி இருக்கிறதா? பெற்றவர்களைச் சம்பளம் இல்லாத கூரியர் ஆளாக நினைப்பது என்ன நியாயம்?

65 வயதில் முழங்கால் வலியோடு, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு முனையத்தில் இருந்து இன்னொரு முனையத்துக்கு நடப்பது விளையாட்டல்ல. சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிட வேண்டும். இருவரில் நன்றாக நடக்கக்கூடியவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும். நேர் விமானம் இருந்தால், கொஞ்சம் காசு கூடினாலும் அதையே எடுப்பது மகனுக்கு அழகு.

மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். துபாய் பக்கம் போகிறவர்கள் இருமல் மருந்தில் கோடீன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. பேரனுக்கு இருமுமே என்று பாட்டி எடுத்துவைத்த பாட்டில், அங்கே வம்பில் கொண்டுபோய் விடும்.

விமானம் இறங்கும்போது குழந்தைக்குக் காது அடைக்கும், அழும். அந்த நேரத்தில் பாலோ தண்ணீரோ குடிக்கக் கொடுத்தால் விழுங்க விழுங்க அடைப்பு விடும். பெரிய குழந்தை என்றால் ஒரு மிட்டாய் போதும்.

கடைசியாக ஒரு சீட்டு. குழந்தையின் பெயர், அப்பா, அம்மா போன் நம்பர் எழுதி, சட்டைப் பைக்குள் வைத்து ஊக்கு குத்திவிட வேண்டும். தாத்தாவின் சிம் கார்டு அந்த நாட்டில் வேலை செய்யுமா என்பதை, வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே மகன் கேட்டுச் சொல்லிவிடட்டும்.