வீட்டு சாக்லெட்டும் பின்லாந்து சாக்லெட்டும்
தாம்பரம் அடுப்படிக்கு ஆப்பிரிக்க மழை விலை வைப்பது எப்படி?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் தெருத்தெருவாக நடந்து பாருங்கள். "இங்கே வீட்டில் செய்த சாக்லெட் கிடைக்கும்" என்ற சின்னப் பலகை எங்காவது ஒரு வாசலில் தொங்கும். பிறந்தநாளா? சாக்லெட். வளைகாப்பா? தாம்பூலப் பையில் சாக்லெட். தீபாவளிக்கு அதிரசத்துக்குப் பக்கத்திலேயே அதற்கும் ஒரு பெட்டி.

முன்பெல்லாம் ஊட்டிக்குப் போனால்தான் "ஹோம்மேட்" சாக்லெட். நிறுத்துப் போடுவார்கள். மூட்டை கட்டிக்கொண்டு வருவோம். இப்போது அது மலையை விட்டு இறங்கி, புறநகர் அடுப்படிக்கே வந்துவிட்டது. கணவன் சம்பளம் பத்தாத வீட்டில், தாய்மார்கள் இதை ஒரு கைத்தொழிலாக வைத்திருக்கிறார்கள். ஒரு அடுப்பு, ஒரு குளிர்ப்பெட்டி, நாலைந்து அச்சு. அவ்வளவுதான் முதல்.

அந்தத் தொழிலுக்குத்தான் இரண்டு வருஷமாகச் சோதனை.

விலை ஏறியது ஏன்?

சாக்லெட்டுக்கு மூலப்பொருள் கொக்கோ. உலகத்துக் கொக்கோவில் பாதிக்கு மேல் விளைவது இரண்டே நாடுகளில். ஒன்று ஐவரி கோஸ்ட். மற்றொன்று கானா. இரண்டும் மேற்கு ஆப்பிரிக்காவில் அக்கம்பக்கத்து நாடுகள்.

அங்கே ஒரு வருஷம் மழை கொட்டியது. அடுத்தாற்போல் வறட்சி. மரங்களோ கிழடு தட்டியவை. போதாதற்கு, தண்டு வீங்கும் நோய் ஒன்றும் பரவியது. அந்த நோய்க்கு மருந்து இல்லை. மரத்தை வெட்டி எறியவேண்டியதுதான்.

விளைவு என்ன தெரியுமா? 2023 தொடக்கத்தில் டன் 3,000 டாலருக்கும் குறைவாக விற்ற கொக்கோ, 2024 டிசம்பரில் 12,000 டாலரைத் தாண்டியது. நாலு மடங்கு! தங்கம்கூட அப்படி ஏறவில்லை.

2025 முடிவில் அது ஏறக்குறைய பாதியாக இறங்கிவிட்டது. "அப்படியானால் கடையில் ஏன் அந்த வேகத்தில் இறங்கவில்லை?" என்று கேட்பீர்கள். பெரிய ஆலைகள் பல மாதம் முன்னதாகவே, அன்றைய விலைக்குக் கொக்கோ வாங்கி வைத்துவிடும். ஏறின விலைக்கு வாங்கின சரக்கு தீரவேண்டாமா? ஏறும்போது குதிரை, இறங்கும்போது ஆமை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லெட்டுக்கான ஜி.எஸ்.டி. வரி 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. கொக்கோ பொடிக்கும் அப்படியே. வீட்டில் தொழில் செய்பவர் வரி வசூலிக்காதவராக இருக்கலாம். ஆனால் அவர் வாங்கும் கட்டியில் வரி இருக்கிறதே, அது குறைந்தது அவருக்கு லாபம்தான்.

இது சாக்லெட்தானா?

இங்கேதான் ஒரு சங்கடமான விஷயம் இருக்கிறது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் சாக்லெட் செய்கிறவர் கொக்கோ கொட்டையை வறுத்து அரைப்பதில்லை. பெரிய கட்டியாக வாங்குகிறார். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குகிறார். முந்திரி, பாதாம், திராட்சை போட்டு அச்சில் ஊற்றுகிறார். அந்தக் கட்டியில் இரண்டு ஜாதி.

ஒன்று அசல். அதில் இருப்பது கொக்கோ வெண்ணெய். இன்னொன்றுக்குக் "காம்பவுண்ட்" என்று பெயர். அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் பனை வகை எண்ணெயைக் கெட்டியாக்கிச் சேர்த்திருப்பார்கள். விலை வெகு குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது? சாக்லெட் என்ற பெயரில் விற்றால், கொக்கோ வெண்ணெய் தவிர்த்த தாவரக் கொழுப்பு 5 சதவிகிதத்துக்கு மேல் போகக்கூடாது. சேர்த்திருந்தால் உறையில் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் பெங்குவின், கிளப் என்று இரண்டு பிஸ்கட்டுகள் உண்டு. பாட்டன் காலத்திலிருந்து விற்பவை. 2025-ல் அவற்றில் கொக்கோவைக் குறைத்து வேறு கொழுப்பைச் சேர்த்தார்கள். உடனே உறையில் "சாக்லெட்" போய், "சாக்லெட் ருசி" என்று எழுத வேண்டி வந்தது.

நம் ஊரில் காம்பவுண்ட் வாங்குகிறவரைத் திட்டிப் பயனில்லை. காரணம் நம் வெயில்! கொக்கோ வெண்ணெய் 34 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் நாக்கில் வைத்ததும் கரைகிறது. ஆனால் மே மாதம் தாம்பரத்தில் வெயில் 40 டிகிரி போகும். அசல் சாக்லெட் பெட்டிக்குள்ளேயே பாயசமாகிவிடும். காம்பவுண்ட் தாக்குப்பிடிக்கும்.

மேலும் அசல் சாக்லெட்டைப் பதம் பிடிப்பது லேசு அல்ல. கறுப்பு சாக்லெட்டானால் 45 டிகிரிக்கு உருக்கி, 27-க்கு ஆற வைத்து, மறுபடி 31-க்குக் கொண்டுவர வேண்டும். தப்பினால் மேலே வெள்ளை பூத்துவிடும். பூத்ததைத் தின்றால் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாயிராது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போச்சு, களி மாதிரி இறுகிவிடும். சர்க்கரைப் பாகுக்குக் கம்பிப் பதம் பார்க்கத் தெரிந்த நம் தாய்மார்களுக்கு இது கைவராத வித்தை அல்ல. கையில் ஒரு வெப்பமானி வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே காம்பவுண்டை விற்கட்டும். ஆனால் காம்பவுண்ட் என்று சொல்லி விற்கட்டும். அசல் விலை வாங்கிக்கொண்டு மலிவுக் கட்டியை உருக்கிக் கொடுத்தால், நேர்மையாகச் செய்கிற பக்கத்துத் தெரு அம்மாளின் பிழைப்பில் மண் விழும்.

பின்லாந்து சாமான்

மீனம்பாக்கம் விமான நிலையம் நமக்குக் கூப்பிடு தூரம். வெளிநாடு போய் வருகிறவர் இல்லாத தெரு இந்தப் பக்கம் குறைவு. பின்லாந்தும் நமக்குப் புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பெனியின் டெலிபோன் தொழிற்சாலை 2006 முதல் 2014 நவம்பர் வரை நடந்தது. நம் வீட்டுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை பார்த்தார்கள். அது மூடியபோது எத்தனை வீட்டில் அடுப்பு தணிந்தது என்பது இந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரியும்.

அந்த நாட்டிலிருந்து வருகிறவர் பெட்டியைத் திறந்தால் முதலில் தென்படுவது நீல உறை போட்ட சாக்லெட். கார்ல் ஃபாசர் என்பவர் 1891-ல் ஹெல்சிங்கி நகரில் ஒரு பலகாரக் கடை திறந்தார். அந்தக் கம்பெனி 1922-ல் கொண்டுவந்ததுதான் நீல உறை. நூறு வருஷம் தாண்டியும் அதே நீலம்! பின்லாந்தில் ஒரு கொக்கோ மரம்கூட வளராது. பனிக்கட்டி நாடு. ஆனாலும் அந்த சாக்லெட் அந்த நாட்டின் அடையாளமாகிவிட்டது.

அடுத்தது மூமின் படம் போட்ட பீங்கான் குவளை. டோவ் ஜான்சன் என்ற அம்மையார் எழுதிய குழந்தைக் கதையில் வரும், நீர்யானை முகம் கொண்ட சாதுப் பிராணிகள் அவை. பிறகு பெரிய பூப்போட்ட மாரிமெக்கோ துணி, பிர்ச் மரத்தில் குடைந்த கோப்பை, புக்கோ என்ற சிறு கத்தி.

ஒரு மிட்டாயைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. சல்மியாக்கி என்று பெயர். கறுப்பாக இருக்கும். அதிமதுரத்தோடு அதில் சேர்வது என்ன தெரியுமா? நவச்சாரம்! பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் போடுவாரே, அதே சரக்கு. பின்லாந்துக்காரர் ஆசையாகச் சப்புகிறார். நம் குழந்தைகள் வாயில் போட்டதும் துப்புவதற்கு இடம் தேடும். சைவக்காரர்கள், பழ மிட்டாய் வகையில் ஜெலட்டின் இருக்கிறதா என்று உறையைப் பார்த்து வாங்குவது நலம். அது மிருகத்தின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது.

நாம் என்ன கொடுப்பது?

பின்லாந்து போகிற பிள்ளையிடம் முறுக்கும் மைசூர்பாகும் கட்டிக் கொடுக்கிறோம். சாக்லெட் கொடுக்கலாகாதா? கொடுக்கலாம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடே கொக்கோ விளைகிறது. தென்னை நிழல் அதற்கு இதமானது. அங்கேயே விளைவித்து, அங்கேயே சாக்லெட் செய்கிறவர்களும் வந்துவிட்டார்கள். ஆரோவில்லில் "மேசன் அண்ட் கோ" என்ற பட்டறை இந்தியக் கொக்கோவில்தான் செய்கிறது. விலை கூடுதல், ஆனால் பெயருக்கு ஏற்ற பண்டம். நம் நாட்டு விளைச்சல் நம் தேவைக்கே போதாது. ஆனாலும் ஆப்பிரிக்காவில் மழை பொய்த்தபோது நல்ல விலை பார்த்தவர்களில் பொள்ளாச்சி உழவரும் உண்டு.

சேலையூர் அம்மாளும் அந்தக் கட்டியை வாங்கி, மார்கழி, தை மாதக் குளிரில் அசல் சாக்லெட் செய்து பார்க்கலாம். கோடையில் காம்பவுண்ட். இரண்டுக்கும் தனித்தனி விலை, தனித்தனிச் சீட்டு. வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யவேண்டும். 14 இலக்கப் பதிவு எண் தருவார்கள். வாங்குகிறவர் அந்த எண்ணையும், செய்த தேதியையும், எந்தக் கொழுப்பு என்பதையும் பார்த்துக் காசு கொடுக்கட்டும்.

பின்லாந்திலிருந்து வருகிறவருக்கு ஒரு வார்த்தை. புக்கோ கத்தியைக் கைப்பையில் வைத்தால் விமானத்தில் ஏற விடமாட்டார்கள். பெரிய பெட்டியில் போடுங்கள். சாக்லெட்டைக் கம்பளிச் சட்டைக்குள் சுற்றி நடுவில் வையுங்கள். மே மாதப் பகலில் இறங்கினால், திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே நீல உறைக்குள் குழம்புதான் மிஞ்சும்.