மழலைக்கு மேடை எதற்கு?

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கிவிட்டால் ஜொகூர் மாநிலத்தில் புதியதொரு வணிகம் தளிர்விடுகின்றது. பாலர்க்கு மூன்றே வாரத்தில் இசைப் பயிற்சி, மேடையேற்றம், சான்றிதழ் என்று அறிவிப்புகள் வருகின்றன. பெருந்தொற்றுக்குப் பின் மார்ச்சுக்குத் தள்ளிப்போயிருந்த பள்ளியாண்டு 2026-இல் மீண்டும் சனவரிக்கே திரும்பியதனால், டிசம்பர் விடுமுறை முன்போலவே இவ்வகுப்புகளுக்கு அறுவடைக் காலமாகிவிட்டது. அந்த அறுவடையில் அறுபடுவது எது என்பதைத் தமிழாசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அத்தகைய வகுப்பொன்றின் நிறைவு விழாவுக்கு நானும் ஒருமுறை சென்றிருந்தேன். எந்த ஊர், எந்த மண்டபம் என்பது இங்குத் தேவையில்லை. நான்கும் ஐந்தும் வயதுடைய பிள்ளைகள் பட்டுடுத்தி, கையில் ஒலிவாங்கியுடன் வரிசையாக நின்றனர். திரைப்பாடல் ஒன்று ஒலிப்பெட்டியில் முழங்கிற்று, பிள்ளைகள் வாயசைத்தனர். நடுவில் கருவி பழுதுபட்டுப் பாட்டு நின்றது. அடுத்த சொல்லைப் பாட ஒரு பிள்ளைக்கும் இயலவில்லை. சிறுமி ஒருத்தி விம்மிக்கொண்டே திரைக்குப் பின்னால் ஓடி, "அம்மா" என்று இழுத்துக் கூப்பிட்டாள். உயர்ந்து தொடங்கித் தாழ்ந்து முடிந்த அந்த அழைப்பில்தான் அன்றைய மாலையின் ஒரே இசையைக் கேட்டேன்.

இதனை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அங்கேரி நாட்டு இசையறிஞர் சோல்தான் கோடாய் (1882–1967) வழிவந்த கல்விமுறை, மேலிருந்து கீழிறங்கும் அந்த இரண்டு சுரங்களிலிருந்தே பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்குகின்றது. நம் முறையில் சொன்னால் பஞ்சமத்திலிருந்து காந்தாரத்துக்கு இறங்குவது. விளையாட்டிலும் அழைப்பிலும் குழந்தை தானே எழுப்பும் ஒலி அதுவாகும். அவர் கருவியைப் பின்னுக்கு வைத்தார். தாய்மொழியின் நாட்டுப்பாடலை முன்னுக்கு வைத்தார். சப்பானிய வயலின் ஆசிரியர் சினிச்சி சுசுகி (1898–1998) தம் முறைக்குத் தாய்மொழி முறை என்றே பெயரிட்டார். குழந்தை பேச்சைக் கற்பது போலவே, பெற்றோர் உடனிருக்க, கேட்டுக் கேட்டு இசை கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

நாமோ, புரந்தரதாசர் வகுத்ததாகப் போற்றப்படும் சரளி வரிசையை நான்கு வயதுப் பிள்ளையின் வாயில் திணிக்கின்றோம். அதில் முழுத் தாயியும் ஏறி இறங்க வேண்டும். அவ்வயதுக் குரலுக்கு ஐந்தாறு சுரங்களே எளிது. எட்டாத மேல் சட்சத்தைப் பிள்ளை கத்திப் பிடிக்கின்றது. அதைக் கணீரென்ற குரல் என்று பெற்றோர் மெச்சுகின்றனர். வரிசையில் குற்றமில்லை, அதற்குரிய வயது இன்னும் வரவில்லை. இத்துடன் தேர்வு வேறு! பன்னிரண்டு வயதினர் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வையே அரசு 2021-இல் நீக்கிற்று. நாம் நான்கு வயதினர்க்குத் தேர்வு வைக்கின்றோம். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கேட்போர் உளர். பழமொழி வளைப்பதைத்தான் சொல்கின்றது, ஒடிப்பதைச் சொல்லவில்லை.

இசை வகுப்பைப் பற்றித் தமிழாசிரியர்க்கு என்ன கவலை என்று கேட்கலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று இடைநிலைப் பள்ளியில் எழுதிப்போடுகின்றோம். கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று விளக்கமும் தருகின்றோம். மாணவன் அதை மனப்பாடம் செய்து மறந்துவிடுகின்றான். காது அதனைக் கற்கும் வயது ஐந்து. படம், பாடம், கல், கால், எடு, ஏடு. குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு தட்டு என்று கைதட்டிப் பாடிய பிள்ளை பின்னாளில் இச்சொற்களை மாற்றி எழுதுவது அரிது. மெட்டுக்காகக் குறிலை நீட்டியும் நெடிலை நசுக்கியும் போகும் பாட்டையே கேட்டு வளர்ந்த பிள்ளையின் கட்டுரை ஏட்டை நீங்கள் திருத்தியிருப்பீர்கள், நானும் திருத்தியிருக்கின்றேன். லகர, ளகர, ழகரங்களின் நிலையும் இதுவே. வீட்டில் மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சையே கேட்கும் பிள்ளைக்குத் தமிழின் ஒலி முதலில் பாட்டாக வருவதே இயல்பு.

குளுவாங், கூலாய், சிகாமட் வட்டாரத் தோட்டங்களில் இதற்கு வகுப்பு தேவைப்படவில்லை. லயத்துத் திண்ணையில் தாலாட்டு இருந்தது; திருவிழாவில் கும்மி இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போக, மக்கள் மாசாய்க்கும் பாசிர் கூடாங்குக்கும் ஸ்கூடாய்க்கும் பெயர்ந்தனர். இன்று எத்தனையோ பெற்றோர் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் 1924-இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். பிள்ளைக்கு ஏதேனும் நல்லது கிடைக்கட்டும் என்று பணம் கட்டும் அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. குறை நம்முடையது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. பாலர் பள்ளிக் கலைத்திட்டத்தில் இசைக்கும் இடமுண்டு. அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' நமக்கு இருக்கின்றது. நம் நாட்டு முரசு நெடுமாறன் அவர்களின் குழந்தைப் பாடல்கள் இருக்கின்றன. இத்தனையும் இருந்தும் விடுமுறையில் பள்ளிக் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பிறரிடம் தந்துவிட்டோம்.

ஒரு பாய், ஒரு சுருதிப்பெட்டி, நாளுக்கு அரைமணி நேரம் போதும். ஆசிரியர் தம் குரலுக்கேற்ற சுருதியை விடுத்து, இரண்டு கட்டையில் சட்சம் முதல் பஞ்சமம் வரை பாடட்டும். ஒலிவாங்கி வேண்டா, பட்டுடை வேண்டா, நிறைவு விழாவும் வேண்டா. எட்டு வயதில் பிள்ளை தானே வயலின் கேட்டால் அப்பொழுது தக்க ஆசிரியரைத் தேடித் தாருங்கள். "எனக்குப் பாட வராதே" என்னும் ஆசிரியர் பிள்ளைகளின் பாட்டியரை வகுப்புக்கு அழைக்கலாம். தோட்டத்தில் பாடிய கும்மி இரண்டேனும் அவர்கள் நினைவில் இருக்கும். பிள்ளைகள் பாடிப் பழகும்போதே, ஆசிரியர் அவற்றை எழுதியும் வைத்துக்கொள்ளட்டும்.