யார் குற்றம்?

மாமல்லபுரத்துக்குக் கடற்கரைச் சாலையில் போகும் நேயர்கள் முட்டுக்காட்டுப் படகுத் துறையைக் கண்டிருப்பார்கள். அதே ஊரில்தான், பன்முகக் குறைபாடு உடையோருக்கென மத்திய சர்க்கார் 2005-ஆம் வருஷத்தில் நிறுவிய தேசிய ஸ்தாபனமும் இருக்கிறது. பேச்சும் நடையும் தாமதப்படும் குழந்தைகளுக்கு அங்கே பயிற்சி அளிக்கிறார்கள்.

இத்தாமதத்துக்குச் சில குழந்தைகளிடம் குரோமோஸோமே காரணம். நம் உயிரணுவில் 46 குரோமோஸோம்கள் உண்டு. அவற்றில் ஒன்று ஒரு துண்டை இழக்கலாம். அல்லது இரு நுனிகளும் முறிந்து, முறிந்த முனைகள் ஒட்டி மோதிரம்போல் வளையலாம். ஐந்தாவது குரோமோஸோமில் துண்டு குறைந்த சிசு பூனைக்குட்டிபோல் அழுவதை 1963-இல் பிரெஞ்சு வைத்தியர் லெஜூன் விவரித்தார்.

நம் வீடுகளிலோ, "கிரகணத்தன்று வெளியே வந்தாயா?" என்று தாயைத்தான் கேட்கிறோம்! இம்முறிவு பெரும்பாலும் கரு உண்டாவதற்குச் சற்று முன்போ பின்போ தற்செயலாக நேர்வது. அது தாயின் குற்றமன்று; தகப்பனின் குற்றமுமன்று. சிறுபான்மை பெற்றோர்வழி வருவதுண்டு. அதை இருவரின் இரத்தப் பரிசோதனை காட்டிவிடும்.

இழந்த துண்டை மீட்கும் மருந்து இல்லை. ஆயினும் இளம் வயதிலேயே தொடங்கும் பயிற்சி பலன் தருகிறது. தாயை விசாரிப்பதில் கழியும் மாதங்கள் குழந்தைக்குச் சேரவேண்டியவை என்பதே நாம் சொல்ல விரும்புவது.