அந்தூரியம் வாடுவது ஏன்?

வாங்கி வந்த அன்று செக்கச்செவேலெனப் பூத்திருந்த அந்தூரியம், சில மாதங்களுள் மஞ்சளித்து வாடுவதுண்டு. தண்ணீர் போதவில்லையென எண்ணி மேலும் மேலும் ஊற்றுகிறோம். பெரும்பாலும் அதுவே செடிக்கு யமனாகிறது.

கொலம்பியா, எக்குவடோர் நாடுகளின் மழைக்காடுகளே இதன் தாயகம். 1876ஆம் ஆண்டில் எடுவார் அந்திரே என்னும் பிரெஞ்சுக்காரர் கொலம்பியாவிற் கண்டெடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். காட்டில் இது பெரும்பாலும் மரங்களைப் பற்றி நிழலில் வளர்வது. ஆதலால் வேர்களுக்கு ஈரத்தைப் போலவே காற்றும் அவசியம். சேற்று மண்ணில் அவை மூச்சுத்திணறி அழுகிவிடும்.

பொச்சுமட்டைத் துண்டு, கரித்துண்டு, உடைந்த செங்கல் ஆகியவற்றைக் கலந்து, அடியில் துளையுள்ள சாடியில் நடுங்கள். நேர்வெயில் படாத, வெளிச்சமான யன்னலோரத்தில் வையுங்கள். விரலால் ஓர் அங்குல ஆழம் தொட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் வாருங்கள். கீழ்த்தட்டில் நீர் தேங்கலாகாது. ஏற்கெனவே வாடிய செடியாயின், வெளியே எடுத்து, கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டி நீக்கி, புதுக் கலவையில் நட்டுப் பாருங்கள். நல்ல வேர் சில எஞ்சியிருந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

நாம் பூவென வியக்கும் செம்மடல் உண்மையில் உருமாறிய இலையே. நடுவிலுள்ள திரியில் நெருங்கியிருக்கும் சிறு புள்ளிகளே பூக்கள். செடியின் சாறு வாயிற் பட்டால் எரிச்சலும் வீக்கமும் உண்டாகும். எனவே தவழும் குழந்தைக்கு எட்டாதவாறு வைத்தல் வேண்டும்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது செடிகளுக்கும் பொருந்துமன்றோ?